வழுநீக்கியே நினைவகப் பிழையால் உடைவதைத் தடுக்க ரெஃபரன்ஸ் கவுன்ட் போதுமா?

நொய்யல்:

நண்பர்களுக்கு வணக்கம். சி++ மொழியில் சிறிய வழுநீக்கி ஒன்றை இரண்டு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். லினக்ஸின் பிட்ரேஸ் அழைப்பைக் கொண்டு வேறொரு ப்ராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) நிறுத்தி, அதன் ரெஜிஸ்டர்களையும் நினைவகத்தையும் படித்துக் காட்டும் எளிய டீபக்கர்தான். எங்கள் குழுவில் ஐந்தாறு பேர் அதை நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். சென்ற வாரம் அது உடைந்து விழுந்தது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், எப்படிச் சரிசெய்வது என்பதில்தான் தெளிவு வேண்டும்.

பிரேக்பாயிண்டில், அதாவது நிரல் நிற்க வேண்டும் என்று குறித்த இடத்தில், ப்ராசஸ் நின்றதும் தானாக ஓட வேண்டிய கட்டளைகளை அந்தப் பிரேக்பாயிண்டுடனேயே எழுதி வைக்கலாம். பயனர் ஒருவர் மூன்று கட்டளைகளை எழுதியிருந்தார். முதலாவது ஒரு மாறியின் மதிப்பை அச்சிடும்; இரண்டாவது அதே பிரேக்பாயிண்டை நீக்கும்; மூன்றாவது ப்ராசஸைத் தொடர்ந்து ஓடவிடும். ஒரே ஒரு முறை நின்று பார்த்தால் போதும் என்பவர் இப்படி எழுதுவது இயல்பே. இரண்டாவது கட்டளை ஓடியதும் பிரேக்பாயிண்ட் அழிந்தது. அதனுள் இருந்த கட்டளைப் பட்டியலும் உடன் அழிந்தது. பட்டியலை வரிசையாக ஓட்டிக்கொண்டிருந்த என் நிரலோ, விடுவிக்கப்பட்ட இடத்திலிருந்து மூன்றாவது கட்டளையைப் படிக்கப் போனது. அந்த இடத்தில் வேறெதுவும் எழுதப்படாதவரை இது பல நாள் சரியாகவே ஓடியிருக்கிறது என்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசருடன் கட்டி ஓட்டியபோது, விடுவித்த பின் பயன்படுத்தப்பட்ட ஹீப் நினைவகம் என்ற அறிக்கை முதல் முறையிலேயே வந்துவிட்டது.

வழுநீக்கி உடைந்தால் அதோடு போய்விடுவதில்லை. பிட்ரேஸ் செய்துகொண்டிருக்கும் ப்ராசஸ் இறந்தால், அதன் பிடியில் இருந்தவற்றைக் கர்னல் விடுவித்து மீண்டும் ஓடவிடுகிறது. ஆனால் நாம் பிரேக்பாயிண்டுக்காக எழுதிவைத்த டிராப் கட்டளைகள் (ஓட்டத்தை நிறுத்தும் எந்திரக் கட்டளைகள்) அந்த ப்ராசஸின் நினைவகத்தில் அப்படியே கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை அது தொட்டவுடன் எழும் சமிக்ஞையை வாங்கிக்கொள்ள யாரும் இல்லாததால் அதுவும் மடிகிறது. என்னுடன் பணிபுரியும் ஒருவர் மூன்று மணி நேரம் ஓடவிட்டு, பிழை தென்படும் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த ப்ராசஸ் இப்படித்தான் போனது. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை என்றாலும், அந்த மூன்று மணி நேரத்துக்கு நான்தான் பொறுப்பு.

என் கேள்வி: ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி (இதுதான் ரெஃபரன்ஸ் கவுன்ட்), கடைசிப் பிடி விலகும்போது அதை அழிக்கும் ஷேர்ட் பாயிண்டருக்குள் எல்லாப் பொருள்களையும் வைத்துவிட்டால் இந்த வகைப் பிழை முழுவதுமாக நின்றுவிடுமா? அல்லது நான் தவறான இடத்தில் மருந்திடப் போகிறேனா?

தூக்கணாங்குருவி:

உங்களுடைய இதே சிக்கலை, குனு திட்டத்தின் வழுநீக்கியான ஜிடிபி சந்தித்திருக்கிறது. அங்கே எடுத்த முடிவைப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும்.

ஜிடிபியில் பிரேக்பாயிண்டின் கட்டளைப் பட்டியல் மட்டும் தனியாக எண்ணிக்கை வைத்துக் காக்கப்படுகிறது. ப்ராசஸ் ஓரிடத்தில் நின்றவுடன், ஏன் நின்றது என்பதைப் பதிவு செய்யும் ஒரு நிறுத்தக் குறிப்பு உருவாகிறது. அந்தக் குறிப்பு பிரேக்பாயிண்டைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதில்லை. கட்டளைப் பட்டியலின் மீது தனக்கென்று ஒரு பிடியை அப்போதே எடுத்துக்கொள்கிறது. பிறகு கட்டளைகளை ஓட்டும்போது பிரேக்பாயிண்ட் நீக்கப்பட்டால், பிரேக்பாயிண்டின் பிடி விலகுகிறது, எண்ணிக்கை ஒன்று குறைகிறது, பட்டியல் உயிருடன் இருக்கிறது. கடைசிக் கட்டளை முடிந்து குறிப்பின் பிடியும் விலகும்போதுதான் பட்டியல் அழிகிறது. சி மொழிக் காலத்தில் இந்த எண்ணிக்கையைக் கையால் ஏற்றி இறக்கினார்கள். இப்போது அது ஷேர்ட் பாயிண்டராக இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, பிரேக்பாயிண்ட் பொருளையே அவர்கள் ஷேர்ட் பாயிண்டருக்குள் வைக்கவில்லை என்பது. கட்டளைகளை ஓட்டும் நிரலுக்குத் தேவைப்படுவது பட்டியல்தான். பிரேக்பாயிண்டையே பிடித்து வைத்தால், பயனர் நீக்கச் சொன்ன ஒன்று நீங்காமல் நிற்கும். டிராப் கட்டளையை யார் எடுப்பது, எப்போது எடுப்பது என்ற அடுத்த கேள்வி முளைக்கும். ஆகவே எல்லாவற்றையும் எண்ணிக்கைக்குள் கொண்டுவராமல், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் உண்மையிலேயே பங்கு கொண்டாடும் பொருள் எது என்று முதலில் தேடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் ப்ராசஸ் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டதா என்று ஜிடிபி பார்க்கிறது. ஓடியிருந்தால் பழைய நிறுத்தக் குறிப்புகளுக்கு இனி பொருள் இல்லை என்று அந்தச் சுற்றை விட்டுவிடுகிறது. எண்ணிக்கை நினைவகத்தைக் காத்தது. குறிப்பு இன்னும் செல்லுமா என்பதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டியிருந்தது.

மழைமானி:

எண்ணிக்கை வைப்பதற்கு நான் எதிரானவன் அல்ல. ஆனால் வழுநீக்கிக்கு அது தேவையா என்று யோசிக்கிறேன். வழுநீக்கி என்பது நிகழ்வுச் சுழல் ஒன்றில் ஓடும் நிரல். ஒரு கட்டளை வருகிறது, முடிகிறது, அடுத்தது வருகிறது. நீக்க வேண்டிய பொருள்களை உடனே அழிக்காமல் ஒரு பட்டியலில் போட்டு வைத்து, சுழலின் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மொத்தமாக அழித்துவிட்டால் போதாதா? அந்த இடத்தில் யாருடைய கையிலும் பழைய சுட்டி (பொருளின் நினைவக முகவரி) இருக்காது. ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். எண்ணிக்கையை ஓரிடத்தில் இறக்க மறந்தால் நினைவகக் கசிவு. ஓரிடத்தில் கூடுதலாக இறக்கினால், தொடர்பே இல்லாத இன்னோர் இடத்தில் உடைவு. பிந்தைய வகைப் பிழையை நான் நாள் கணக்கில் தேடியிருக்கிறேன். தாமதித்து அழிக்கும் முறையில் அந்த இரண்டுமே இல்லை.

தூக்கணாங்குருவி:

மழைமானி சொல்லும் முறை நல்ல முறைதான். ஜிடிபியும் மதிப்புகளுக்கு ஏறத்தாழ அதையே பின்பற்றியது. ஒரு கோவையைக் கணக்கிடும்போது பிறக்கும் இடைநிலை மதிப்புகள் எல்லாம் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டு, கட்டளை முடிந்ததும் மொத்தமாக விடுவிக்கப்பட்டன. வேண்டிய மதிப்பை மட்டும் சங்கிலியிலிருந்து கழற்றி வைத்துக்கொள்வார்கள். பல ஆண்டுகள் அது போதுமானதாக இருந்தது.

அது இரண்டு இடங்களில் போதாமல் போனது.

முதலாவது, சுழலுக்குள் சுழல். ஒரு பிரேக்பாயிண்டுக்கு நிபந்தனை வைத்திருக்கிறீர்கள், அந்த நிபந்தனை ஆராயப்படும் ப்ராசஸில் உள்ள ஒரு ஃபங்க்ஷனை அழைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிபந்தனையை மதிப்பிட வேண்டுமானால் ப்ராசஸைச் சிறிது நேரம் ஓடவிட்டு அந்த ஃபங்க்ஷன் முடியும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்கு மீண்டும் நிகழ்வுச் சுழலுக்குள்தான் நுழைய வேண்டும். அப்போது வெளிச்சுற்றில் பாதி வழியில் நிற்கும் ஃபங்க்ஷன்களின் கைகளில் த்ரெட்டுக்கும் (ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் ஓர் இழைக்கும்) பிரேக்பாயிண்டுக்குமான சுட்டிகள் இருக்கின்றன. உள்சுற்றின் முடிவில் நீங்கள் பட்டியலைக் காலி செய்தால், வெளிச்சுற்று திரும்பி வரும்போது அதன் காலடியில் தரை இருக்காது. யாருடைய கையிலும் பழைய சுட்டி இருக்காது என்ற உங்கள் அடிப்படை, சுழல் ஒன்றாக இருக்கும்வரை மட்டுமே உண்மை.

ஜிடிபியில் த்ரெட்டுகளுக்கு எண்ணிக்கை தேவைப்படும் இடமும் இதுவே. ஆராயப்படும் ப்ராசஸில் ஒரு த்ரெட் எந்தக் கணத்திலும் முடிந்துபோகலாம். அதைத் தடுக்கும் உரிமை வழுநீக்கிக்கு இல்லை. ‘தற்போதைய த்ரெட்டை நினைவில் வை, வேறொன்றுக்கு மாறி ஒரு வேலை செய், முடிந்ததும் பழைய த்ரெட்டுக்குத் திரும்பு’ என்னும் சிறு பொருள் ஒன்று ஜிடிபி மூலநிரலில் எங்கும் பரவிக் கிடக்கிறது. இடைப்பட்ட வேலையின்போது அந்தப் பழைய த்ரெட் முடிந்துபோய், அதைக் குறிக்கும் பொருளும் அழிக்கப்பட்டிருந்தால், திரும்பும் கணத்தில் உடைவு. அதனால் அந்தச் சிறு பொருள் த்ரெட்டின் மீதும் அது சார்ந்த ப்ராசஸின் மீதும் ஒரு பிடி வைத்துக்கொள்கிறது. அழிக்கச் சொல்லும் ஃபங்க்ஷன், யாராவது பிடித்திருக்கிறார்களா என்று பார்த்து, பிடித்திருந்தால் ‘முடிந்துவிட்டது’ என்று குறித்துவிட்டு விலகுகிறது. பிடி எல்லாம் விலகிய பின் வேறொரு தருணத்தில் அது துடைக்கப்படுகிறது. திரும்புகிறவர் அந்தக் குறியைப் பார்த்து, த்ரெட் இல்லை என்று தெரிந்துகொள்கிறார்.

இரண்டாவது இடம் பைத்தான். பயனர் எழுதும் பைத்தான் நிரலில் ஒரு மதிப்பை மாறியில் போட்டு வைத்தால், அது எத்தனை கட்டளைகளைத் தாண்டி வாழும் என்று வழுநீக்கியால் சொல்ல முடியாது. சுற்றின் முடிவு என்று ஒன்றை வரையறுத்து அதற்குள் அடக்க முடியாத ஆயுள் அது. ஆகவே ஒவ்வொரு மதிப்புக்கும் எண்ணிக்கை வந்தது; சங்கிலியும் அந்த எண்ணிக்கையில் ஒரு பங்காளி ஆனது.

மழைமானி:

சுழலுக்குள் சுழல் பற்றி நான் எண்ணவில்லை, அதை ஏற்கிறேன். மிக வெளிச் சுற்றின் முடிவில் மட்டும் அழிக்கலாம் என்று சொல்ல வந்தேன், ஆனால் ஒரு நீண்ட ஸ்கிரிப்ட் ஓடும்போது அந்தத் தருணம் மணிக்கணக்கில் வராமலே போகலாம் என்பதை எழுதும்போதே உணர்கிறேன்.

ஆனாலும் வேறொரு வழி இருக்கிறது. சுட்டியையே வைத்துக்கொள்ள வேண்டாம்; எண்ணை வைத்துக்கொள்வோம். த்ரெட்டின் எண்ணை நினைவில் வைத்து, தேவைப்படும்போது அட்டவணையில் தேடினால், கிடைத்தால் பயன்படுத்தலாம், கிடைக்காவிட்டால் முடிந்துவிட்டது என்று பொருள். இதில் தொங்கும் சுட்டிக்கே இடமில்லை.

தூக்கணாங்குருவி:

அந்த எண் யார் கொடுத்தது என்பதைப் பொறுத்தது. கர்னல் தரும் எண்ணை நம்பினால், அது மறுபடியும் பயன்படுத்தப்படும். லினக்ஸில் அதன் இயல்பான உச்சவரம்பு நெடுங்காலம் 32,768 ஆகத்தான் இருந்தது. த்ரெட்டுகளை ஓயாமல் உருவாக்கி முடிக்கும் சர்வர் ஒன்றை ஆராயும்போது அந்தச் சுற்று முடிந்து பழைய எண் புதிய த்ரெட்டுக்கு வருவது நடக்கக்கூடியதே. அப்போது உங்கள் தேடல் வெற்றி பெறும்; கிடைப்பது வேறொரு த்ரெட். உடைந்து விழுவதைவிட இது மோசம் என்பேன், ஏனெனில் தவறான த்ரெட்டின் ரெஜிஸ்டரைச் சரியானது என்று பயனருக்குக் காட்டிவிடுவோம். நாமே தலைமுறை எண் ஒன்றைச் சேர்த்து, ஒருமுறை கொடுத்ததை மறுமுறை கொடுக்காமல் இருந்தால் நீங்கள் சொல்லும் முறை சிறப்பாக வேலை செய்யும். நொய்யலின் கருவி போன்ற சிறிய நிரலுக்கு அதை நான் மனமாரப் பரிந்துரைப்பேன்.

கடலோரம்:

மற்றொரு வழுநீக்கியான எல்எல்டிபி பக்கத்திலிருந்து சில சொற்கள். அங்கே தொடக்கம் முதலே ஷேர்ட் பாயிண்டர்தான் அடிப்படை: டார்கெட் (ஆராயப்படும் நிரல்), ப்ராசஸ், த்ரெட், ஸ்டாக் ஃப்ரேம் (ஒரு ஃபங்க்ஷன் அழைப்பின் விவரம்) எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு வகை உண்டு. ஆகவே ‘எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிடலாமா’ என்ற நொய்யலின் கேள்விக்கு, வைக்கலாம், வைத்திருக்கிறார்கள் என்பதே விடை. ஆனால் அதன் பின்விளைவுகளையும் அவர்கள் கையாள வேண்டியிருந்தது.

முதல் பின்விளைவு வட்டம். ரெஃபரன்ஸ் கவுன்டிங் முறையை ஜார்ஜ் காலின்ஸ் 1960-இல் வெளியிட்டார். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பொருள்களின் எண்ணிக்கை ஒருபோதும் சுழியத்துக்கு வராது என்பதை மெக்பெத் 1963-இலேயே சுட்டிக்காட்டிவிட்டார். வழுநீக்கியில் இந்த வட்டம் தவிர்க்க முடியாதது. பயனர் ஒரு ஸ்ட்ரக்டை விரித்துப் பார்க்கிறார் என்றால், அதன் மதிப்புப் பொருள் தன் உறுப்புகளை அறிந்திருக்க வேண்டும்; உறுப்பும் தன் முகவரியைக் கணக்கிடத் தன் பெற்றோரை அறிந்திருக்க வேண்டும். இருபுறமும் பிடி வைத்தால் கசிவு. ஒருபுறம் மட்டும் வைத்தால், பயனர் உறுப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பெற்றோரை விட்டுவிடும்போது உடைவு. எல்எல்டிபி இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. பெற்றோர், பிள்ளை, பேரப்பிள்ளை எல்லாரையும் ஒரே குடும்பமாக வைத்து, குடும்பத்துக்கு மொத்தமாக ஓர் எண்ணிக்கை. உள்ளே அவர்கள் ஒருவரையொருவர் சாதாரணச் சுட்டியால் அறிந்திருப்பார்கள். வெளியிலிருந்து யார் எந்த உறுப்பைப் பிடித்தாலும் அது குடும்பம் முழுவதின் மீதான பிடி. கடைசி வெளிப்பிடி விலகும்போது குடும்பமே ஒன்றாக விடைபெறும்.

இரண்டாவது பின்விளைவு இதைவிட நுட்பமானது. பயனரின் ஸ்கிரிப்ட் ஒரு ஃப்ரேமைப் பிடித்து வைத்திருக்கிறது. இதற்கிடையில் ப்ராசஸ் ஓடிவிட்டது. நினைவகத்தில் அந்த ஃப்ரேம் பொருள் நலமாக இருக்கிறது. அது குறிக்கும் ஸ்டாக் பகுதியோ உலகத்திலேயே இல்லை. எண்ணிக்கை இங்கே கைகொடுக்காது. வழுநீக்கியின் ஒவ்வொரு பொருளும் வேறொரு ப்ராசஸில் உள்ள ஏதோ ஒன்றின் நிழல். நிழலின் ஆயுளைத்தான் நம்மால் நீட்ட முடியும். ஆகவே எல்எல்டிபி வெளியே கொடுக்கும் பொருள்கள் டார்கெட்டையும் ப்ராசஸையும் த்ரெட்டையும் வலுவற்ற பிடியால் (எண்ணிக்கையில் சேராத பிடியால்) மட்டுமே அறிந்திருக்கின்றன. கூடவே த்ரெட்டின் எண்ணையும் ஸ்டாக் அடையாளத்தையும் எழுதி வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் மறுபடியும் தேடிக் கண்டுபிடிக்க முயல்கின்றன. தேடல் தோற்றால், செல்லாத பொருள் என்று சொல்லிவிடுகின்றன.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்துக்கான வழுநீக்க இடைமுகத்திலும் இதே பிரிவினை உண்டு. அதன் பொருள்கள் வெளியார் வைத்திருக்கும் பிடியையும் உள்ளுக்குள் வைத்திருக்கும் பிடியையும் தனித்தனியாக எண்ணுகின்றன. ப்ராசஸ் போய்விட்டால் பொருள் அழிக்கப்படுவதில்லை, செயலிழக்கச் செய்யப்படுகிறது. அதன் பிறகு எதைக் கேட்டாலும் அதற்கென்றே உள்ள ஒரு பிழைக்குறியீடு மட்டும் வரும். நினைவகம் உண்டு, உயிர் இல்லை என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் வடிவமைப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

புதுநிரலர்:

இடையில் ஒரு பயனராகக் கேட்கிறேன். ஜிடிபிக்குப் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதும்போது, ஃப்ரேம், சிம்பல் (மாறி, ஃபங்க்ஷன் போன்றவற்றின் பெயர்), பிரேக்பாயிண்ட் ஆகிய பொருள்களில் ‘செல்லுமா’ என்று கேட்கும் ஒரு மெதட் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மதிப்புக்கு அது தேவைப்பட்டதில்லை. பழைய மதிப்பை எப்போதும் அச்சிட முடிகிறது. ஏன் இந்த வேறுபாடு?

தூக்கணாங்குருவி:

மிக நல்ல கேள்வி. மதிப்பு என்பது படித்து முடித்த பைட்டுகளின் நகல். நகலை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்; எண்ணிக்கை போதும். சோம்பல் மதிப்பு என்று ஒன்று உண்டு. அதன் பைட்டுகள் கேட்கும்போதுதான் படிக்கப்படும் என்பதால், ப்ராசஸ் ஓடிய பிறகு கேட்டால் அப்போதைய நினைவகம்தான் கிடைக்கும். பழைய நிலை வேண்டுமானால் முன்கூட்டியே படிக்கச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த மதிப்புக்கு ஒரு வகை உண்டல்லவா, அந்த வகை எங்கே வாழ்கிறது? ஒரு லைப்ரரியின் டீபக் தகவலைப் படிக்கும்போது உருவாகும் வகைகளும் சிம்பல்களும் அந்த லைப்ரரிக்குரிய ஒரே பெரிய நினைவகக் குவியலில் வைக்கப்படுகின்றன. லைப்ரரி இறக்கப்படும்போது குவியல் மொத்தமாகப் போகிறது. இங்கே எண்ணிக்கை வைக்கலாமா என்றால், இரண்டு வழிகள்தாம். ஒவ்வொரு வகைக்கும் தனி எண்ணிக்கை வைத்தால், இலட்சக்கணக்கான சிறு பொருள்களுக்கு அந்தச் செலவைச் சுமக்க வேண்டும். மொத்தமாக விடுவிக்கும் வசதியும் போய்விடும். குவியலுக்கே எண்ணிக்கை வைத்தால், பயனர் எப்போதோ அச்சிட்ட ஒரே ஒரு முழு எண்ணுக்காக, இறக்கப்பட்ட லைப்ரரியின் முழு டீபக் தகவலும் நினைவகத்தில் குந்தியிருக்கும். ஜிடிபி இரண்டையும் தேர்ந்தெடுக்கவில்லை. குவியல் போவதற்கு முன், மதிப்பு வரலாற்றிலும் (முன்பு அச்சிட்டவற்றின் பட்டியல்) வசதி மாறிகளிலும் (பயனர் வழுநீக்கிக்குள் உருவாக்கியவை) பைத்தான் பொருள்களிலும் உள்ள மதிப்புகளைத் தேடி, அவற்றின் வகைகளை மட்டும் குவியலுக்கு வெளியே நகலெடுத்து வைத்துவிடுகிறது. அதனால்தான் உங்கள் பழைய மதிப்பு அச்சாகிறது. சிம்பல்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவை செல்லாதவையாகக் குறிக்கப்படுகின்றன.

ஃப்ரேம்களின் கதை இன்னும் கடினமானது. ஃப்ரேம் விவரங்கள் ஒரு தற்காலிகச் சேமிப்பில் இருக்கின்றன. ப்ராசஸ் ஓடினாலோ ஒரு ரெஜிஸ்டரை மாற்றினாலோ அந்தச் சேமிப்பு முழுவதும் வீசப்படுகிறது. கையில் ஃப்ரேம் சுட்டியை வைத்துக்கொண்டு, தெரியாமலே சேமிப்பை வீசிவிடும் ஒரு ஃபங்க்ஷனை அழைப்பது ஜிடிபியில் பல ஆண்டுகள் நீடித்த பிழைக் குடும்பம். 2023 பிப்ரவரியில் வந்த ஜிடிபி 13-இல் இதற்கென்று தனிச் சுட்டி வகை வந்தது. அதில் ரெஃபரன்ஸ் கவுன்ட் இல்லை என்பதைக் கவனியுங்கள். உயிருடன் இருக்கும் எல்லா ஃப்ரேம் சுட்டிகளும் ஒரு பட்டியலில் கோக்கப்பட்டிருக்கும். சேமிப்பு வீசப்படும்போது அந்தப் பட்டியலைச் சுற்றி எல்லாவற்றையும் செல்லாதவை ஆக்கிவிடுவார்கள். தேவைப்பட்டால் ஃப்ரேமின் அடையாளத்தைக் கொண்டு அதை மறுபடியும் கட்டியெழுப்ப முடியும். பழைய ஃப்ரேமை எண்ணிக்கையால் உயிருடன் வைத்திருந்தால், பழைய ரெஜிஸ்டர் மதிப்புகளைப் புதியவை என்று காட்டும் வழுநீக்கிதான் மிஞ்சியிருக்கும்.

நொய்யல்:

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள்களாக இவற்றை வைத்து என் நிரலை மறுபடியும் படித்தேன். கட்டளைப் பட்டியலை ஷேர்ட் பாயிண்டராக மாற்றி, நிற்கும் கணத்திலேயே ஒரு பிடி எடுத்துக்கொள்ளச் செய்துவிட்டேன். முதலில் சொன்ன உடைவு நின்றுவிட்டது.

இப்போது வேறொன்று. என் கருவியிலும் பைத்தான் உண்டு. சில ஃபங்க்ஷன்களில் பைத்தான் பொருளின் எண்ணிக்கையைக் கையால் இறக்குகிறேன். நடுவில் எக்செப்ஷன் எழுந்தால் இறக்கும் வரி ஓடாமல் கசிகிறது. அதை, தன் ஆயுள் முடியும்போது தானாகவே எண்ணிக்கையை இறக்கும் ஒரு சிறு ஸ்மார்ட் பாயிண்டராக மாற்றினேன். கசிவு நின்றது, ஆனால் எப்போதாவது ஃபங்க்ஷன் முடியும் இடத்தில் பைத்தானுக்குள் உடைகிறது.

கடலோரம்:

பைத்தானின் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தான் பொருள்களைத் தொட விடுவது) எடுக்கும் பொருளை எங்கே அறிவிக்கிறீர்கள் என்று பாருங்கள். சி++ மொழியில் பின்னால் அறிவிக்கப்பட்டது முன்னால் அழியும். உங்கள் ஸ்மார்ட் பாயிண்டர் முதலிலும் பூட்டு அதன் பின்னும் அறிவிக்கப்பட்டிருந்தால், முடியும்போது பூட்டு முதலில் விடுவிக்கப்பட்டு, பூட்டில்லாத நிலையில் எண்ணிக்கை இறக்கப்படும். பூட்டைக் கையில் வைத்திருக்கும்போது மட்டுமே அந்த எண்ணிக்கையைத் தொடலாம்.

தூக்கணாங்குருவி:

கடலோரம் சொன்னதுடன் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். பைத்தானின் சி இடைமுகம் மூன்று விதமாகப் பொருள்களைக் கையளிக்கிறது. பண்பைக் கேட்கும் அழைப்பு புதிய பிடியைத் தருகிறது; அதை நீங்கள் இறக்கியாக வேண்டும். லிஸ்டின் உறுப்பைக் கேட்கும் அழைப்பு இரவல் மட்டுமே தருகிறது; அதை இறக்கினால், பிறர் பிடியை நீங்கள் பறித்ததாகும். டியூபிளில் உறுப்பை வைக்கும் அழைப்போ உங்கள் பிடியையே எடுத்துக்கொள்கிறது; அதன் பிறகு இறக்க உங்களிடம் எதுவும் இல்லை. மழைமானி தொடக்கத்தில் அஞ்சிய, தொடர்பில்லாத இடத்தில் நிகழும் உடைவுகளுக்கு இரவலை இறக்கிவிடுவது மிகப் பொதுவான காரணம்.

இதனால்தான் ஜிடிபியின் சொந்த ஸ்மார்ட் பாயிண்டரில், வெறும் சுட்டியைக் கொடுத்துக் கட்டினால் எண்ணிக்கை ஏறாது. ஏற்கெனவே உள்ள பிடியை அது ஏற்றுக்கொள்ளும். புதிதாகப் பிடி வேண்டும் என்றால் அதற்கென்று பெயரிட்ட தனி ஃபங்க்ஷனை அழைக்க வேண்டும். படிக்கிறவருக்கு அந்த வரியிலேயே எண்ணம் தெரிந்துவிடுகிறது. எண்ணிக்கை எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்பது ஒரு தனிக் கொள்கை வகையாக வெளியிலிருந்து கொடுக்கப்படுவதால், பைத்தான் பொருளுக்கும், எக்ஸிக்யூட்டபிள் கோப்பைப் படிக்கும் பொருளுக்கும், மதிப்புக்கும் அதே சுட்டி பயன்படுகிறது. சிறிய நிரல்தான், நீங்களும் எழுதிவிடலாம்.

மழைமானி:

சோதனை பற்றி ஒன்று சேர்க்கிறேன். அட்ரஸ் சானிடைசர் விடுவித்த நினைவகத்தை உடனே மறுபடியும் கொடுக்காமல் சிறிது காலம் ஒதுக்கி வைக்கிறது. ஒதுக்கீட்டின் இயல்பான அளவு 256 மெகாபைட். அதற்கும் மேல் நினைவகத்தைச் சுழற்றிவிட்ட பிறகு நிகழும் தவறான பயன்பாட்டை அது தவறவிடலாம். ஆகவே சோதனைகளைச் சிறியதாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பொருளை வேண்டுமென்றே அகாலத்தில் நீக்குங்கள்: கட்டளை ஓடும்போது பிரேக்பாயிண்டை, நிபந்தனை மதிப்பிடப்படும்போது த்ரெட்டை, மதிப்பைக் கையில் வைத்திருக்கும்போது லைப்ரரியை. இயல்பான பயன்பாட்டில் இவை அபூர்வமாகவே நேரும் என்பதால், வலிந்து நேரச் செய்யாவிட்டால் தெரியவராது.

நொய்யல்:

பூட்டின் வரிசைதான் காரணம். நான்கு ஃபங்க்ஷன்களில் தலைகீழாக இருந்தது, மாற்றிவிட்டேன். இரவலை இறக்கிய இடம் ஒன்றும் அகப்பட்டது.

மழைமானி சொன்ன மூன்று சோதனைகளையும் எழுதினேன். முதலாவதும் மூன்றாவதும் தேறிவிட்டன. இரண்டாவது உடையவில்லை, ஆனால் த்ரெட் பொருள் அழியவே இல்லை என்று கசிவு அறிக்கை வந்தது. த்ரெட் தன் கடைசி நிறுத்தக் குறிப்பைப் பிடித்திருக்கிறது; நிறுத்தக் குறிப்போ தான் எந்த த்ரெட்டில் நிகழ்ந்தது என்பதற்காக த்ரெட்டைப் பிடித்திருக்கிறது. கடலோரம் விவரித்த வட்டத்தை என் கையாலேயே கட்டி வைத்திருக்கிறேன். குறிப்பிலிருந்து த்ரெட்டுக்கான பிடியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் மறுமுறை கொடுக்கப்படாத என் சொந்த எண்ணை வைத்தேன். இப்போது தேடல் தோற்றால் ‘அந்த த்ரெட் முடிந்துவிட்டது’ என்று கருவி பயனருக்குச் சொல்கிறது.

கடைசியாக, நானே தொடங்கும் ப்ராசஸ்களுக்கு, வழுநீக்கி இறந்தால் அவையும் உடனே இறக்க வேண்டும் என்னும் பிட்ரேஸ் தெரிவை இட்டிருக்கிறேன், லினக்ஸ் 3.8 முதல் அது உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸோடு இணையும்போது மட்டும் அதை இடவில்லை, ஏனெனில் அது பயனருடைய ப்ராசஸ். அதற்கு, டிராப் கட்டளை எழுதிய ஒவ்வோர் இடத்தின் பழைய பைட்டையும் ஒரு கோப்பில் எழுதி வைத்து, கருவி உடைந்தால் தனியான சிறு நிரல் ஒன்று அந்த ப்ராசஸோடு இணைந்து அவற்றைத் திரும்ப எழுதும்படி செய்து வருகிறேன். இடைப்பட்ட நேரத்தில் ஒரு டிராப்பைத் தொட்டுவிட்டால் அதனாலும் காக்க முடியாது. தொடாத ப்ராசஸாவது பிழைக்கும். முடிந்ததும் மூன்று மணி நேரத்தை இழந்த நண்பரிடம்தான் முதலில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லப் போகிறேன்; அவரும் சம்மதித்திருக்கிறார்.